வடசென்னையில் வீட்டிலேயே காருக்குச் சீலண்ட் (பெயின்டைக் காக்கிற பூச்சு) போடுகிறவர்கள் வாங்க: எது உண்மையில் தாங்குகிறது?

கொருக்குப்பேட்டை டிசையர்

வணக்கம். அடர்நீல டிசையர் வைத்திருக்கிறேன். வீட்டில் நிறுத்த இடமில்லை, தெருவில்தான் நிற்கிறது. ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள். இரவு பளபளவென்று துடைத்துவிட்டுப் படுத்தால் காலையில் பானட்டில் விரலால் பெயர் எழுதலாம்.

டீட்டெய்லிங் கடையில் செராமிக் கோட்டிங்குக்குக் கேட்கிற தொகை எனக்குக் கட்டுப்படியாகாது. ஞாயிற்றுக்கிழமையில் நானே உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம் என்று ஜி.பி. ரோட்டில் விசாரித்தேன். ஒருவர் கார்னூபா வேக்ஸ் என்கிறார், அடுத்த கடைக்காரர் பாலிமர் சீலண்ட் என்கிறார், மூன்றாமவர் செராமிக் ஸ்ப்ரேயைக் கையில் திணிக்கிறார். ஒரு டப்பாவில் பன்னிரண்டு மாதம் தாங்கும் என்று போட்டிருக்கிறது. நம்ம ஏரியாவில், இந்த உப்புக் காற்றிலும் சாம்பலிலும் எது நிற்கும்? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். யூடியூபில் இருப்பதையெல்லாம் நானும் பார்த்துவிட்டேன்.

ராயபுரம் செகண்ட் கியர்

டப்பாவில் எழுதியிருக்கும் மாதக் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள் ப்ரோ. கூரைக்குக் கீழே நின்று, நல்ல தண்ணீரில் குளிக்கிற காருக்கு அது பொருந்தும்.

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் எங்கள் தெருவில் வெள்ளை கார் வாங்கவே யோசிப்பார்கள். 2011-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிலக்கரியும் இரும்புத் தாதுவும் எண்ணூர்ப் பக்கம் போயின, கறுப்புத் தூசி குறைந்தது. உப்பு எங்கே போகும்? அது இங்கேயேதான் இருக்கிறது. எதைப் போட்டாலும் அடிக்கடி திரும்பப் போட வேண்டியிருக்கும், அதனால் சுலபமாகப் போடக்கூடியதை வாங்குங்கள். என் ஓட்டு செராமிக் ஸ்ப்ரேக்கு.

திருவொற்றியூர் வெள்ளை ஸ்விஃப்ட்

இதை நான் பக்கத்துப் பக்கத்தில் வைத்தே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பானட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி மூன்றாகப் பிரித்தேன். இடப்பக்கம் சாதாரண கார்னூபா பேஸ்ட் வேக்ஸ். நடுவில் சாஃப்ட்99 ஃபுஸ்ஸோ கோட், அதில் வெளிர் நிறக் கார்களுக்கென்று வருகிற டப்பா. வலப்பக்கம் டர்ட்டில் வேக்ஸ் ஹைப்ரிட் செராமிக் ஸ்ப்ரே. மூன்றுக்கும் அடியில் ஒரே தயாரிப்பு: கழுவி, பெயின்டில் ஒட்டிய இரும்புத் தூளை எடுத்து, க்ளே (அழுக்கை இழுத்தெடுக்கிற களிமண் கட்டி) தேய்த்து, ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) கலந்த தண்ணீரால் துடைத்தேன். அதற்குப் பிறகும் மூன்று பக்கத்துக்கும் ஒரே ஷாம்பு, ஒரே துணி.

போட்ட அன்றைக்குப் பார்வையில் எந்த வித்தியாசமும் இல்லை. வெள்ளை காரில் மூன்று மெருகையும் பிரித்துச் சொல்ல முடியும் என்கிறவரை நான் நம்ப மாட்டேன். துணியைத் தொட்டு இழுத்தால்தான் தெரிந்தது, ஸ்ப்ரே போட்ட பக்கம் துணி தானாக ஓடியது.

கார்னூபா சித்திரை வெயிலிலேயே படுத்துவிட்டது. பிரேசில் பனை இலையிலிருந்து எடுக்கிற மெழுகு அது. தனி மெழுகாக இருந்தால் உருகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும். டப்பாவில் இருப்பதோ எண்ணெயும் கரைப்பானும் சேர்த்த கலவை, அதற்கு முன்பே இளகிவிடும். மத்தியான வெயிலில் நின்ற பானட்டில் கை வைத்துப் பாருங்கள், மெழுகின் கஷ்டம் புரியும்.

செராமிக் ஸ்ப்ரே பக்கம்தான் தண்ணீர் அழகாக முத்து முத்தாக நின்றது. படம் எடுத்துப் போட்டால் லைக் குவியும். ஆனால் அந்த முத்துதான் எனக்கு வினையாக வந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத கரிப்பு. ஒவ்வொரு முத்தும் வெயிலில் காய்ந்து, ஓரத்தில் வெள்ளை வளையமாக உட்கார்ந்துவிட்டது. தண்ணீரைத் தாள் போல மொத்தமாக வழியவிடுகிற பூச்சுதான் நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. முத்துக்கு ஆசைப்பட்டால் காயவிடாமல் துடைக்க ஆள் வேண்டும்.

மூன்றில் அதிக நாள் நின்றது ஃபுஸ்ஸோதான். ஐப்பசி மழை பிடித்தபோதும் தண்ணீரை உதறிக்கொண்டிருந்தது. போடுவதுதான் பாடு. வாடை தலைக்கேறும். மெல்லிசாகத் தடவி, சில நிமிடத்தில் துடைத்துவிட வேண்டும். ஒரே மூச்சில் கார் முழுக்கத் தடவிவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வந்து தோள் வலிக்கத் தேய்க்க வேண்டும். கதவுக்குக் கதவு முடித்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. முன் பம்பரிலும் இதே போலப் பிரித்துப் போட்டேன். அங்கே மூன்றும் ஒரே சமயத்தில் போய்விட்டன. எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் டிரெய்லருக்குப் பின்னால் தினமும் போகிற வண்டியில் பம்பர் மீது அடிக்கிற மணலுக்கு எந்தக் கம்பெனியும் தெரியாது.

பெரம்பூர் போலோ

நல்ல வேலை ஸ்விஃப்ட். ஆனால் இரண்டு கேள்வி.

முதலாவது, பானட் சோதனைக்கு உகந்த இடமில்லை. நடுவில் இன்ஜின் சூடு ஒரு மாதிரி, ஓரத்தில் வேறு மாதிரி. டிக்கி மூடியிலோ கூரையிலோ போட்டிருந்தால் ஒப்பீடு சுத்தமாக இருந்திருக்கும்.

இரண்டாவது, தண்ணீர் முத்தாக நிற்கவில்லை என்பதால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தமில்லை. மேலே ஒரு தூசிப் படலம், எண்ணெய்ப் படலம் உட்கார்ந்தாலே முத்து நின்றுவிடும். நல்ல ஷாம்பு போட்டுக் கழுவி, அப்போதும் தண்ணீர் சோம்பலாகப் பரவுகிறதா என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பாதிப் பேர் உயிரோடு இருக்கிற சீலண்ட் மேலேயே திரும்பச் சீலண்ட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

திருவொற்றியூர் வெள்ளை ஸ்விஃப்ட்

டிக்கியிலும் போட்டுப் பார்த்தேன், போலோ. கார்னூபா அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றது, வரிசை மாறவில்லை. கழுவிய பிறகுதான் பார்த்தேன், அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

கத்திவாக்கம் கரை

எங்கள் பக்கத்துச் சாம்பலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள், ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை நிலையமும் பக்கத்தில் வல்லூரும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பறக்கிற சாம்பல் சாதாரணத் தூசி மாதிரி இல்லை. பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வெயிலில் பார்த்தால் பெயின்ட் முழுக்கச் சிலந்திவலைக் கோடு.

காலையில் கார் துடைக்க வருகிற பையன்கள் ஒரே ஈரத்துணியை ஒரே வாளியில் நனைத்துப் பத்து கார் துடைக்கிறார்கள் பாருங்கள், அதைவிடக் கொடுமை பெயின்டுக்கு வேறு இல்லை. என் காருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவன் சம்பளத்தை மட்டும் கொடுத்துவிடுகிறேன். கண்ணாடி மட்டும் துடைக்கிறான்.

கார் கவரும் அப்படித்தான். தூசி படிந்த கார் மேல் கவரைப் போட்டு, கடல் காற்றில் அது ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கணக்கு. சீலண்ட் எதுவானாலும் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிச் சாம்பலை இறக்கிவிட்டுத்தான் துணியைத் தொட வேண்டும்.

ஈபி ரிட்டயர்டு

தம்பிகளா, வேடிக்கையான ஒரு தகவல். காலினைட் 845 என்று ஒரு அமெரிக்கத் திரவ வேக்ஸ் இருக்கிறது. அதன் பெயரே இன்சுலேட்டர் வேக்ஸ். மின்கம்பியைத் தாங்குகிற பீங்கான் இன்சுலேட்டர்களில் அழுக்கும் ஈரமும் ஒட்டாமல் இருக்க மின்துறைக்காகச் செய்தது, பிறகு கார்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும். கடலோரத்தில் இன்சுலேட்டர் மேல் உப்புப் படியும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. மார்கழிப் பனி இறங்கியதும் உப்பு ஈரமாகி மின்சாரத்துக்குப் பாதை கொடுத்துவிடும், அதிகாலையில் சடசடவென்று நீலப்பொறி பறக்கும், லைன் டிரிப் ஆகும். அப்புறம் ஏறிக் கழுவ வேண்டும்.

உங்கள் காரிலும் அதே உப்பு, அதே பனிதான். பகலில் உப்பு உட்காருகிறது, இரவில் ஈரம் இறங்கி அதைப் பெயின்டின் ஓரங்களுக்கும் கதவிடுக்குக்கும் கொண்டுபோகிறது. நான் என் பழைய ஆம்னிக்கு 845-தான் போடுகிறேன். நம் ஊர் வெயிலில் தண்ணியாக இருக்கும், நன்றாகக் குலுக்கி, துளி துளியாக எடுத்தால் போதும். கார்னூபாவும் பாலிமரும் கலந்தது என்பதால் வெறும் மெழுகைவிட நின்று வேலை செய்கிறது. ஃபுஸ்ஸோ அளவு தாங்குமா என்று கேட்டால் தாங்காது, ஆனால் துடைக்கச் சுகம். என் வயசுக்கு அதுதான் முக்கியம்.

கொருக்குப்பேட்டை டிசையர்

ஐயா, இன்சுலேட்டர் கதை அருமை. நன்றி.

ஒரு விஷயம் கேட்க மறந்தேன். கார் வாங்கியபோது டீலரில் டெஃப்ளான் கோட்டிங் என்று பில்லில் சேர்த்துவிட்டார்கள். அது இன்னும் இருக்குமா? அதன் மேல் இதையெல்லாம் போடலாமா?

பெரம்பூர் போலோ

போய்ச் சேர்ந்திருக்கும், கவலைப்படாமல் போடுங்கள். தோசைக்கல்லில் இருக்கிற டெஃப்ளான் ஒட்ட வேண்டுமானால் 300 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். உங்கள் காரை யாரும் அப்படிச் சுட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பெயரில் போடுவது பெரும்பாலும் ஒரு சாதாரண பாலிமர் சீலண்ட், அதற்குப் பல மடங்கு விலை.

அதே போலக் கடையில் 9எச் செராமிக் என்று சொன்னால் கல் பட்டாலும் கீறாது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 9எச் பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. குறிப்பிட்ட கோணத்தில் பென்சிலை அழுத்தித் தள்ளினால் கீறல் விழுகிறதா என்று பார்ப்பது. சாவியோடும் லாரி டயர் தூக்கிப் போடுகிற ஜல்லியோடும் அதற்குச் சம்பந்தமில்லை.

மணலி மாருதி

நான் எந்த சீலண்டும் போட்டதில்லை. வாரம் ஒரு முறை ஆர்ஓ மெஷினில் வெளியேறுகிற வேஸ்ட் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவுகிறேன். தண்ணீரும் மிச்சம். கார் நன்றாகத்தான் இருக்கிறது.

வியாசர்பாடி ஐ10

மணலி அண்ணா, தண்ணீரை மிச்சப்படுத்துவது நல்ல விஷயம்தான், ஆனால் ஆர்ஓ வேஸ்ட்டைக் காருக்கு ஊற்றாதீர்கள். குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுக்க அந்த வேஸ்ட்டில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைவிட மோசம். வீடு துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதில் ஏசி தண்ணீரைப் பிடியுங்கள். காற்றிலிருக்கிற ஈரம் குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர் அது, உப்பே கிட்டத்தட்ட இருக்காது. எங்கள் அப்பார்ட்மென்டில் ஏசி குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன், வெயில் காலத்தில் ராத்திரியில் நிரம்பிவிடும். போர் தண்ணீரில் ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு, கடைசியாக ஒரு மொண்டு ஏசி தண்ணீரை மேலிருந்து மெதுவாக வழியவிட்டுத் துடைத்தால் வளையம் விழுவதில்லை. ஆர்ஓ சர்வீஸ் செய்கிறவரிடம் இருக்கிற, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டரை இரண்டு தண்ணீரிலும் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், உங்களுக்கே தெரியும்.

ஸ்விஃப்ட் சொன்ன வளையம் ஏற்கனவே விழுந்திருந்தால், வெள்ளை வினிகரும் அதே அளவு தண்ணீரும் கலந்து துணியில் நனைத்து ஒற்றி, உடனே கழுவிவிடுங்கள். புதிதாக விழுந்த கறை கரைந்துவிடும். பெயின்டின் மேலே இருக்கிற நிறமில்லாத க்ளியர் கோட்டையே அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் பாலிஷ்தான் வழி. தொழிற்சாலைப் பெயின்டில் க்ளியர் கோட் 40 முதல் 50 மைக்ரான் அளவுதான் இருக்கும், ஒவ்வொரு பாலிஷிலும் அதில் கொஞ்சம் போகும். ஆசைக்கெல்லாம் பாலிஷ் போடக் கூடாது.

மணலி மாருதி

ஏசி தண்ணீர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. அதை முயற்சி செய்கிறேன். ஆனால் சீலண்ட் வேண்டுமா என்பதில் இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கத்திவாக்கம் கரை

எனக்கு நம்பிக்கை வந்தது 2023 டிசம்பரில். மிக்ஜாம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் ஆற்றில் கலந்து வந்ததே, அப்போது. தண்ணீர் வடிந்ததும் கதவில் பாதி உயரத்துக்குக் கறுப்புக் கோடு. என் காரில் அதற்கு முந்தைய மாதம்தான் சீலண்ட் போட்டிருந்தேன், தார் ரிமூவர் தெளித்துத் துடைத்ததும் கோடு கழன்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் எதுவும் போட்டதில்லை, மண்ணெண்ணெய் போட்டு நாள் முழுக்கத் தேய்த்தும் ரப்பர் பீடிங் ஓரமும் வெள்ளைப் பெயின்டும் பழுப்பாகவே நின்றுவிட்டன. தார் ரிமூவர் பட்ட இடத்தில் சீலண்டும் சேர்ந்து போய்விடும், அங்கே மட்டும் திரும்பப் போட வேண்டும். பெயின்டுக்குப் பதில் அது போகட்டுமே, அதற்காகத்தானே போடுகிறோம்.

கொருக்குப்பேட்டை டிசையர்

சரி, நான் ஃபுஸ்ஸோ பக்கம் சாய்கிறேன். அடர் நிறத்துக்குத் தனி டப்பா இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். போடுவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று யாராவது ஒழுங்காகச் சொல்லுங்கள். ரயில் பாதை பக்கத்தில் இருப்பதால் அந்த இரும்புத் தூள் விஷயம் எனக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

திருவொற்றியூர் வெள்ளை ஸ்விஃப்ட்

உங்களுக்குத்தான் முதல் முக்கியம். ரயில் சக்கரமும் பிரேக்கும் தேயும்போது பறக்கிற இரும்புத் துகள் பெயின்டில் குத்தி உட்கார்ந்து துருப்பிடிக்கும். வெள்ளை காரில் ஆரஞ்சுப் புள்ளியாகக் கண்ணில் படும், உங்கள் நீலத்தில் தெரியாது. கழுவித் துடைத்த பிறகு கையை ஒரு மெல்லிய பாலித்தீன் கவருக்குள் விட்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கையில் வழுவழுப்பாக இருந்தது கவருக்குள் நறநறவென்று தெரியும்.

அயர்ன் ரிமூவரை நிழலில், பெயின்ட் சூடில்லாதபோது அடியுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு அடிப்பது நல்லது. சிறிது நேரத்தில் புள்ளி புள்ளியாக ஊதா நிறம் கசிந்து, கோடு கோடாகக் கதவில் இறங்கும். இரும்போடு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். காய விடாமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகு ஷாம்புத் தண்ணீரை வழுக்கலுக்குத் தெளித்துக்கொண்டு க்ளே. அழுத்தாமல், ஒரே திசையில். க்ளே கட்டி தரையில் விழுந்தால் குப்பையில் போடுங்கள், மண்ணோடு திரும்பத் தேய்த்தால் கோடு நிச்சயம்.

கடைசியாக ஒரு பங்கு ஐபிஏ, மூன்று பங்கு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு தண்ணீர் கலந்து துடைத்தால் பழைய எண்ணெய்ப் பசை போய்விடும். ஐபிஏ பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பெரம்பூர் போலோ

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். விடிந்து பனி காய்ந்ததும் ஆரம்பித்துக் கடல் காற்று எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும். மத்தியானம் காற்று திரும்பியதும் உப்பும் மணலும் ஈரப் பூச்சின் மேல் வந்து உட்காரும், அதோடு சேர்த்துத் தேய்ப்பீர்கள். தெருவில் நிழல் இல்லையென்றால் தெரிந்தவர் வீட்டுப் போர்டிகோவில் ஒரு நாள் இடம் கேளுங்கள். போட்ட அன்று இரவு பனியும் படாமல் இருந்தால் இன்னும் நல்லது, பாலிமர் இறுகுவதற்கு நேரம் வேண்டும்.

அப்புறம், ஃபுஸ்ஸோவை விண்ட்ஷீல்டிலும் கறுப்பு பிளாஸ்டிக்கிலும் படவிடாதீர்கள். பிளாஸ்டிக்கில் வெள்ளைத் தழும்பு நிற்கும். டேப் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

ராயபுரம் செகண்ட் கியர்

நான் இன்னும் ஸ்ப்ரே கட்சிதான். ஃபுஸ்ஸோ போடுவதற்கு அரை நாள், போர்டிகோ, ஒரு உதவி ஆள். ஸ்ப்ரே என்றால் கழுவித் துடைத்த கையோடு துணியில் இரண்டு அழுத்து அழுத்தி, பேனலில் பரப்பி, காய்ந்த துணியால் எடுத்தால் வேலை முடிந்தது. அதிகமாக அடித்தால்தான் திட்டுத் திட்டாக நிற்கும். மாதா மாதம் போட்டாலும் எனக்கு வலிக்கவில்லை. தாங்குகிற காலத்தை மட்டும் பார்த்து ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

திருவொற்றியூர் வெள்ளை ஸ்விஃப்ட்

இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமே. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். கூரை, பானட், டிக்கிக்கு வருடத்துக்கு இரண்டு தடவை ஃபுஸ்ஸோ: ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று, போகிப் புகையெல்லாம் அடங்கிய பிறகு தை மாதத்தில் ஒன்று. பம்பரும் கதவின் கீழ்ப்பாதியும் எப்படியும் தேயப்போகின்றன, அங்கே ஸ்ப்ரே. வளையம் விழுகிற இடம் மேல்பக்கம்தான், செங்குத்தாக நிற்கிற கதவில் தண்ணீர் தங்காது. அதனால் முத்துத் தொல்லையும் இல்லை.

வியாசர்பாடி ஐ10

ஐப்பசிக்கு முன்னால் என்றால் ஆயுத பூஜையை ஒட்டி வரும். பூஜைக்கு முன்பே சீலண்ட் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் சந்தனத்தைக் குழைத்து பானட் நடுவில் கை நிறைய அப்பிக் குங்குமம் வைத்துவிடுவார்கள், வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பூச்சு இருந்தால் மறுநாள் தண்ணீர் பட்டதும் இறங்கிவிடும். வெறும் பெயின்டில் காயவிட்டால் மஞ்சள் தடம் லேசில் போகாது, வெள்ளை காராக இருந்தால் இன்னும் மோசம்.

கொருக்குப்பேட்டை டிசையர்

எல்லோருக்கும் நன்றி. ஃபுஸ்ஸோ டார்க், ஒரு ஸ்ப்ரே, அயர்ன் ரிமூவர், க்ளே நான்கையும் வாங்கிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் மாமா வீட்டில் போர்டிகோ இருக்கிறது, ஏசி வாளியும் வைக்கச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: மைக்ரோஃபைபர் துணிகளைத் துவைப்பது எப்படி? வீட்டில் வாஷிங் மெஷினில் மற்றத் துணியோடு போடலாமா?

ஈபி ரிட்டயர்டு

தனியாகப் போடுங்கள் தம்பி. பருத்தித் துணியின் பஞ்சு எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் லிக்விட் டிடர்ஜென்ட் போதும், வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனர் கூடவே கூடாது, அது இழையில் படிந்து துணி தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும். சீலண்ட் துடைத்த துணியையும் ஷாம்பு போடுகிற துணியையும் கலக்காதீர்கள். மாடியில் காயப்போடும்போது காற்றடிக்கிற பக்கம் பார்த்துப் போடுங்கள், இல்லையென்றால் துணியிலும் சாம்பல்தான்.